எழுநூறு ரூபாய் ஓ.பி.டி. ஸ்கேனர்: செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாத காருக்கு இது உதவுமா?

ஓ.பி.டி. ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டரோடு பேசி, அதில் பதிந்த கோளாறுகளையும் சென்சார் அளவுகளையும் செல்போனில் காட்டும் சின்னப் பெட்டி. ஆன்லைனில் எழுநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனருக்கு இரண்டு விதமான விமர்சனம்தான் கண்ணில் படுகிறது. ஒன்று, "சூப்பர் புராடக்ட், செக் எஞ்சின் லைட் போயிடுச்சு." இன்னொன்று, "சுத்த வேஸ்ட். கார் ஸ்டார்ட் ஆகல, ஸ்கேன் போட்டா ஒரு கோடும் காட்டல." கோடு என்பது, கோளாறைக் கண்டதும் காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் குறியீட்டு எண். இரண்டாவது ரகத்தினருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டார்ட் ஆகாத காரில் கோடு தேடுவதற்காக இதை வாங்கினால் பாதி நேரம் ஏமாற்றம்தான். செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஐந்தாறு நொடியில் காரின் கம்ப்யூட்டருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எட்டிப் பார்க்க வாங்கினால், கொடுத்த காசு ஒரே நாளில் திரும்பிவிடும்.

நான் காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறேன். மல்டிமீட்டர் பிடித்துப் பழகிய கை, ஸ்பேனர் பிடித்தது குறைவு. வீட்டில் நிற்பது 2014 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர். இந்த ஸ்கேனரை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. என் கார், அண்ணனின் டீசல் வண்டி, பக்கத்து வீட்டு சாரின் கார் என்று பலவற்றில் செருகிப் பார்த்தாயிற்று.

செருகும் இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், 16 பின் உள்ள சாக்கெட். குனிந்து செல்போன் டார்ச் அடித்தால் தெரியும். 16-ஆம் பின்னில் சாவி போடாவிட்டாலும் பேட்டரி சப்ளை இருக்கும், 4-உம் 5-உம் எர்த். புதிய கார்கள் 6, 14 பின்கள் வழியாக கேன் முறையில் பேசும், பழையவை பல 7-ஆம் பின்னில் உள்ள கே-லைனில் பேசும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இந்தச் சாக்கெட் கட்டாயம். நம் நாட்டில் பி.எஸ். 4 புகை மாசு விதிகளோடு சேர்ந்து 2010-இல் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அதனால் 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 2010-க்கு முந்தைய வண்டியில் இதே வடிவச் சாக்கெட் இருந்தும் இந்தப் பெட்டியோடு பேச்சுவார்த்தையே நடக்காமல் போகலாம். அதற்காகப் பெட்டியைத் திட்டி ஒரு ஸ்டார் போடுவது நியாயமில்லை.

பெட்டிக்கு மேல் "ஈ.எல்.எம். 327" என்று போட்டிருக்கும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். காரின் மொழியை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரியும் எளிய எழுத்துகளாக மாற்றித் தரும் துபாஷி வேலை அதற்கு. முதல் பதிப்பில் உள்ளே இருக்கும் புரோகிராமைப் பூட்டாமல் விட்டார்கள். அதை அப்படியே நகலெடுத்துதான் இன்றைக்குச் சந்தையில் குவிந்திருக்கும் மலிவுப் பெட்டிகள் பிறந்தன. "வெர்ஷன் 1.5" என்று பெருமையாக அச்சடித்து விற்பார்கள். அந்த நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே கிடையாது! 2022-இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது, நகல்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. என்னுடையதும் நகல்தான். லேபில் வைத்துத் திறந்து பார்த்தேன். ஒரு சின்ன போர்டு, சுமாரான சால்டரிங், எழுநூறுக்குக் குறைந்த பொருளில் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

இனி இதை நம்ப வைத்த சம்பவம். என் காருக்கு ஒரு கோடையில் இப்படி ஒரு வியாதி வந்தது: காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். புதுக்கோட்டை வரை போய்த் திரும்பும்போது வழியில் எங்காவது அணைத்துவிட்டு டீ குடித்து வந்தால், செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பற்றாது. அரை மணி, முக்கால் மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கச் சொல்லி, பின் சீட்டுப் பக்கம் காதை வைத்துக் கேட்டார்கள். "பம்ப் சத்தமே வரல மேடம், பம்ப் போச்சு" என்று சொல்லி பம்ப் அசெம்பிளியையே மாற்றினார்கள். பில் ஏழாயிரத்தைத் தாண்டியது. மாற்றி முடித்ததும் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. ஆகாதா பின்னே? மாற்றி முடிக்க அவர்களுக்கு மதியம் முழுக்க ஆனது, அதற்குள் எஞ்சின் குளிர்ந்துவிட்டது.

அடுத்த வாரமே திருமயத்தில், கோட்டை தெரியும் தூரத்தில் ரோட்டோரம் மறுபடி நின்றுபோனது. அதற்குள் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து டாஷ்போர்டு அறையில் கிடந்தது. செருகினேன், செல்போனில் செயலியைத் திறந்தேன். கோடு இல்லை. "நோ ஃபால்ட் கோட்ஸ் ஃபவுண்ட்" என்று பச்சை எழுத்தில் நல்ல பிள்ளை மாதிரி காட்டியது. பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் பெட்டியைப் பிடுங்கி எறிகிறார்கள். நான் லைவ் டேட்டாவுக்குப் போய், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்லும் ஆர்.பி.எம். என்ற ஒன்றை மட்டும் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் கறகறவென்று சுற்றுகிறது, கார் லேசாக ஆடுகிறது, திரையில் ஆர்.பி.எம். பூஜ்யம். கையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். பூஜ்யமேதான்.

நல்ல பேட்டரியோடு செல்ஃப் சுற்றும்போது சாதாரணமாக 150-இலிருந்து 250 வரை காட்ட வேண்டும். என் கண் முன்னால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஈ.சி.யு. என்ற எஞ்சின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது நின்றுகொண்டிருக்கிறது. எஞ்சினின் முக்கியத் தண்டு சுற்றுவதைப் பார்க்கும் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சொல்லாவிட்டால் எஞ்சின் சுற்றுவதே அதற்குத் தெரியாது. சுற்றாத எஞ்சினுக்கு எதற்கு ஸ்பார்க், எதற்குப் பெட்ரோல் என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடும்.

பம்ப் விஷயத்தில் பட்டறைக்காரர்கள் ஏமாந்ததும் இங்கேதான். சாவியை ஆன் செய்ததும் பம்ப் சுமார் இரண்டு நொடி ஓடி லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். அதற்குப் பிறகு எஞ்சின் சுற்றுகிறது என்ற தகவல் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் ஈ.சி.யு. பம்ப் ரிலேயைப் பிடித்து வைக்கும். தகவல் வராவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மௌனமாகத்தான் இருக்கும். விபத்து நடந்தால் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆக பம்ப் ஓடாதது நோயில்லை, அறிகுறி. அன்றைக்கு ஸ்பார்க்கையும் சோதித்திருந்தால் அதுவும் இல்லை என்று தெரிந்திருக்கும், இன்ஜெக்டருக்கும் துடிப்பு வந்திருக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போவது நடக்காத காரியம். மூன்றுக்கும் பொதுவானது எது என்று கேட்டால் கிராங்க் சென்சார், அதன் வயர், மெயின் ரிலே, ஈ.சி.யு. சப்ளை என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். ஸ்கேனர் ஈ.சி.யு.வோடு பேசுகிறது என்றாலே அதற்குச் சப்ளை கிடைக்கிறது. மீதி இருந்தது சென்சாரும் வயரும்.

ஈரத்துணியால் சென்சார் பக்கம் கொஞ்ச நேரம் ஒத்தடம் கொடுத்தேன். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை விடும் வேலை, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் செய்தேன். அப்புறம் அடித்தால் திரையில் 190 சொச்சம் வந்தது, வண்டியும் பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து நிதானமாக அளந்தேன். என் காரில் இருப்பது இரண்டு வயர் கொண்ட காயில் வகை. குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் தொள்ளாயிரத்துச் சில்லறை ஓம் காட்டியது. சூடாக இருக்கும்போது அளந்தால் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை. உள்ளே மயிரிழைச் செம்புக் கம்பி எங்கோ விட்டுப்போய், சூட்டில் விரியும்போது விலகுகிறது. ரோட்டில் ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருக்கும். அணைத்து நிறுத்தியதும் காற்றும் இல்லை, கூலன்ட் ஓட்டமும் இல்லை, எஞ்சினின் மொத்தச் சூடும் சுற்றி இருக்கும் பாகங்களில் இறங்கும். டீ குடிக்கும் நேரத்தில் மட்டும் வியாதி வந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஊரில் ஷெட் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "டீச்சர், சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி கப்ளரை ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டீங்களா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. பார்த்தாயிற்று என்றதும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார். பம்ப் பில்லில் கால் பங்கு கூட ஆகவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்று வயர் இருந்தால் அது காயிலுக்குப் பதில் காந்தப்புலத்தை உணரும் சிப் கொண்ட ஹால் வகையாக இருக்கலாம். அதை ஓம் வைத்து அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரு பின்னில் சப்ளை, ஒரு பின்னில் எர்த் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்றாவதில் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, சென்சார் கெட்டிருந்தும் கோடு ஏன் வரவில்லை? கிராங்க் சென்சாருக்கென்று பி0335 என்ற கோடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிக்னலே இல்லாத நிலையும் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும் நிலையும் ஈ.சி.யு.வுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். வால்வுகளை இயக்கும் தண்டைப் பார்க்கும் கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வந்தும் கிராங்கிலிருந்து வரவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சில கார்கள் கோடு போட்டுவிடும். சிலவற்றுக்கு அதற்கு நீண்ட நேரம் செல்ஃப் சுற்ற வேண்டும், சில கண்டுகொள்வதே இல்லை. பெட்ரோல் அழுத்தத்துக்கும் இதே கதைதான். என் கார் போன்ற சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் லைனில் அழுத்தம் பார்க்கும் சென்சாரே கிடையாது. இல்லாத சென்சார் எந்தக் கோடைப் போடும்? அதனால் "கோடு இல்லை" என்பதை "கோளாறு இல்லை" என்று படிக்கக் கூடாது.

ஒரு நேர்மைக்காகச் சொல்கிறேன்: சில கார்களில் இந்த ஆர்.பி.எம். சோதனைக்கு ஸ்கேனரே வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டில் ஆர்.பி.எம். முள் லேசாகத் துள்ளும். துள்ளினால் கிராங்க் சிக்னல் வருகிறது. துள்ளாவிட்டால் மட்டும் முடிவுக்கு வர வேண்டாம், இவ்வளவு குறைந்த வேகத்தைக் காட்டாத மீட்டர்களும் உண்டு. எழுநூறு ரூபாய் கொடுப்பது அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

அடுத்து நான் பார்ப்பது கூலன்ட் வெப்பநிலை. பக்கத்து வீட்டு சார் ஒரு நாள் காலை கூப்பிட்டார். செல்ஃப் சுற்றுகிறது, ஆர்.பி.எம். 200-க்கு மேல், பின்பக்கம் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது, வண்டி மட்டும் பற்றவில்லை. திரையில் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி! காரைக்குடியில், மே மாதத்தில். அந்தச் சென்சாரின் சர்க்யூட் எங்காவது அறுந்தால் அளவுகோலின் அடிமட்டமான மைனஸ் 40-தான் வரும். போனட்டைத் திறந்தால் எலி வேலை, இரண்டு வயர் குதறப்பட்டிருந்தது. இப்படி ஆனால் ஒரு உத்தேச வெப்பநிலையை வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஈ.சி.யு.க்கள் உண்டு. அவர் காருடையது சமாளிக்கவில்லை, உறைபனிக்கு ஊற்ற வேண்டிய அளவு பெட்ரோலை ஊற்றி பிளக்குகளை நனைத்திருந்தது. இங்கே கோடும் வந்தது, பி0118. வயரை ஒட்டுப்போட்ட பிறகு, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அமுக்கியபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்கள் பெட்ரோலை நிறுத்தி வெறும் காற்றை இழுக்கும், நனைந்த பிளக் காயும். கொஞ்ச நேரம் இருமிவிட்டுக் கிளம்பியது.

சென்சார் அறுந்து போகாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் கண்டுபிடிப்பது சிரமம். அதற்கு ஒரு சுலபமான வழி: ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 29, இன்னொன்று 70 என்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்.

மூன்றாவது, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார். சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். நம் சமவெளி ஊர்களில் 100 கிலோ பாஸ்கல் பக்கம் வரும், கொடைக்கானலில் நிறுத்தினால் 78 பக்கம் வரும். செல்ஃப் சுற்றும்போது பிஸ்டன்கள் காற்றை இழுப்பதால் இந்த எண் கொஞ்சமாவது இறங்கும். ஆர்.பி.எம். நன்றாக வந்தும் இது அசையவே இல்லை, செல்ஃப் சத்தமும் வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக, வேகமாகக் கேட்கிறது என்றால், டைமிங் பெல்ட் அறுந்ததா, செயின் தாண்டியதா, கம்ப்ரெஷன் இல்லையா என்ற பயம் வர வேண்டும். அப்போது தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், ஷெட்டுக்கு இழுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

டீசலுக்குத் தனிக் கணக்கு. என் அண்ணனுடைய காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) ஃபில்டர் மாற்றிய மறுநாள் இப்படி நின்றது. டீசலில் ஸ்பார்க் பற்றிய கேள்வியே இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் மீதான சந்தேகத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம், நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமலே பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். பார்க்க வேண்டியது அந்தப் பொதுக் குழாயின் அழுத்தம், அதாவது ரெயில் அழுத்தம். செல்ஃப் சுற்றும்போது அது சுமார் 200-இலிருந்து 300 பாருக்குள் ஏற வேண்டும். அந்த அளவை எட்டாவிட்டால் ஈ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்காது. செயலி கிலோ பாஸ்கலில் காட்டும், 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 25,000 என்றால் 250 பார். அண்ணன் வண்டியில் 110 பாரைத் தாண்டவில்லை. லைனில் காற்று புகுந்திருந்தது. கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றியதும் எண் ஏறியது, வண்டி கிளம்பியது. "இதுக்கா இன்ஜெக்டர் செட்டையே மாத்தணும்னு ஒருத்தன் சொன்னான்?" என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதப் போவதில்லை. அழுத்தம் ஏறாததற்கு ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் வழியாகத் திரும்பிக் கசிவது, ரெகுலேட்டர் என்று வேறு காரணங்களும் உண்டு. இந்தப் பெட்டி எண்ணைக் காட்டும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

இனி இது செய்யாதவை. ஸ்பார்க் வருகிறதா என்று சொல்லாது. பெட்ரோல் அழுத்தம் சொல்லாது. கம்ப்ரெஷன் சொல்லாது. சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் சாவியை ஏற்றுக்கொண்டதா என்பதையும் இந்த மலிவுப் பெட்டி பொதுவாகச் சொல்லாது. அதற்கு டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

அதனால் டாஷ்போர்டு அறையில் இந்தப் பெட்டியோடு வேறு சிலவும் வைத்திருக்கிறேன். ஒரு மல்டிமீட்டர். ஒரு எல்.ஈ.டி.யும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்த்து நானே செய்த குட்டி விளக்கு: இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி அதில் செருகிச் செல்ஃப் அடித்தால், ஈ.சி.யு. துடிப்பு அனுப்பும்போது மினுக்கும். கடையில் இதை நாய்ட் லைட் என்று விற்கிறார்கள், லேபில் செய்ய பத்து ரூபாய் கூட ஆகாது. அப்புறம் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று. தயவுசெய்து பிளக் வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்க்காதீர்கள். இன்றைய இக்னிஷன் காயில்கள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் அடிக்கும், உங்களையும் சும்மா விடாது, எர்த் கிடைக்காமல் அடித்தால் காயிலும் கெடும். பெட்ரோல் பிரஷர் கேஜ் மட்டும் வாங்கவில்லை, தேவைப்பட்டால் ஷெட் அண்ணனிடம் போய்விடுவேன். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 பார் பக்கம் காட்ட வேண்டும், சில மாடல்களில் 4 வரை. பெட்ரோல் லைனைக் கழற்றும் வேலை எனக்குத் தோதுப்படாது, பயம்.

குறைகளுக்கு வருவோம். எரிச்சலூட்டுவது முதலில் வோல்டேஜ். என் பெட்டி மல்டிமீட்டரை விட 0.4 வோல்ட் குறைவாகக் காட்டுகிறது. ஸ்டார்ட் ஆகாத காரில் இந்த 0.4 சின்ன விஷயமில்லை. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட், செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. இந்தப் பெட்டி 9.3 என்று காட்டினால் நல்ல பேட்டரியையும் மாற்றச் சொல்லிவிடுவார்கள். செயலியில் திருத்தம் போடும் வசதி இருக்கிறது. ஒரு முறை மீட்டரோடு ஒப்பிட்டுச் சரிசெய்து கொள்ளுங்கள். பேட்டரி ரொம்பவே இளைத்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது பெட்டியே அணைந்து புளூடூத் அறுந்துபோகும். அதையே ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது, வேகம். கேன் உள்ள காரில் பரவாயில்லை. கே-லைன் உள்ள பழைய வண்டியில் ஏழெட்டு அளவுகளைத் திரையில் வைத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கணக்கில் தாமதமாகும். நீங்கள் செல்ஃப் அடித்து முடித்த பிறகு ஆர்.பி.எம். வந்து நிற்கும். அதனால் என்னைப் போல ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செருகியபடியே விட்டால் பேட்டரியைக் குடிக்கும். 16-ஆம் பின்னில் எப்போதும் சப்ளை இருப்பதால் பெட்டி தூங்குவதே இல்லை. நான் அளந்தபோது 40 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் ஹவர், சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். பள்ளி லீவுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் செல்ஃப் கூடச் சுற்றாத கார் காத்திருக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பெட்டியின் குறை இல்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்: கோடு ஏதாவது கண்ணில் பட்டதும் "கிளியர்" பட்டனைத் தட்டும் பழக்கம் வேண்டாம். கோடு விழுந்த நொடியில் வேகம், வெப்பநிலை, ஆர்.பி.எம். எல்லாம் எவ்வளவு இருந்தன என்ற குறிப்பு அதோடு சேர்ந்து பதிந்திருக்கும், கிளியர் செய்தால் அதுவும் போய்விடும். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைகளில் இருக்கும் பெரிய ஸ்கேனரோடு இதை ஒப்பிடலாமா? அது இம்மொபிலைசர், ஏ.பி.எஸ்., ஏர்பேக் வரை உள்ளே போகும், ரிலேயைத் தானாக இயக்கிப் பார்க்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு கோடு மட்டும் பார்த்து, "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் "செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எவ்வளவு வருதுண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்தது இந்த மலிவுப் பெட்டியால்தான். 5-க்கு 3.5 கொடுப்பேன். வோல்டேஜ் சரியாக இருந்திருந்தால் 4.

வாங்குபவர்களுக்கு: ஐபோன் என்றால் சாதாரண புளூடூத் மாடல் ஒத்துவராது, வைஃபை மாடலோ, ஐபோனுக்கும் ஆகும் என்று தெளிவாகப் போட்டிருக்கும் குறைமின் புளூடூத் (பி.எல்.இ.) மாடலோ வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் ஜோடி சேர்க்க 1234 அல்லது 0000 கேட்கும். வெர்ஷன் எண்ணை நம்ப வேண்டாம், 2.1 என்று போட்ட சிலவற்றில் பழைய 1.5 நகல்களில் இருக்கும் கட்டளைகள் கூட வேலை செய்வதில்லை. பார்சல் வந்த மறுநாள் காலை, கார் குளிர்ந்திருக்கும்போதே செருகிப் பாருங்கள். இரண்டு வெப்பநிலையும் ஒட்டி வருகிறதா, மேப் 100 பக்கம் நிற்கிறதா, செல்ஃப் அடிக்கும் நொடியில் ஆர்.பி.எம். துள்ளுகிறதா, வோல்டேஜ் மீட்டரோடு அரை வோல்ட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வந்த எண்களை ஒரு தாளில் எழுதி காரிலேயே வையுங்கள். கார் நன்றாக இருக்கும்போது எடுத்த எண் கையில் இருந்தால்தான் நின்றுபோன அன்றைக்கு ஒப்பிட முடியும். எந்த எண்ணும் வரவில்லையா? ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த இன்னொரு காரில் செருகிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.